துவைக்கிற கல்லில் ஏறிய வண்டி

போடியில் ஜீப் பட்டறை வைத்திருந்த லூர்துமேரிக்கு முப்பத்து நாலு வயது. அவளிடம் சீடனாகப் போய்ச் சேர்ந்த நல்லசிவத்துக்கு ஐம்பத்தொன்பது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம், ஏனென்றால் இன்னொன்றும் இருக்கிறது. நல்லசிவம் முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவர் வகுப்பில் படித்து, பத்தாவது கணக்கில் இரண்டு தரம் கோட்டைவிட்டு, "நீயெல்லாம் எங்க உருப்படப் போற" என்று அவர் வாயாலேயே வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான் இந்த லூர்துமேரி.

உருப்பட்டாள். மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் அவள் பட்டறை வாசலில் வரிசை கட்டி நின்றன. அந்த வரிசைக்கு நடுவே ஒரு நாள் வாத்தியாரும் போய் நின்றார்.

"எனக்கு வண்டி வேலை கத்துக்குடுங்க, மேஸ்திரி."

அவள் பதறிப்போனாள்.

"என்ன சார் இது, மேஸ்திரி கீஸ்திரின்னு. மேரின்னே கூப்பிடுங்க."

"பள்ளிக்கூடத்துல நான் சார். இங்க நீங்க மேஸ்திரி."

மனுஷன் அதில் மட்டும் படு கறார்.

காரணம் மகள் வினோதினி. மருமகனுக்கு மலை உச்சியில் ஒரு தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. அங்கே போகிற கடைசி ஐந்து கிலோமீட்டரைப் பாதை என்று சொன்னால் பாவம், அத்தனையும் பாறை. வாத்தியாரின் வண்டி அதில் இரண்டு தரம் முன்கால் ஒடிந்து படுத்துவிட்டது. அந்த வண்டியில் முன் சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். தார் ரோட்டுக்குச் சுகம், பாறைக்கு ஆகாது. அந்த ஏற்பாட்டை அடியோடு கழற்றிப் போட்டுவிட்டு, பழைய ஜீப்பில் இருப்பது மாதிரி இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரைக்கும் ஒரே முழு ஆக்ஸிலாகப் போட்டு, வில் மாதிரி வளைந்த கமான் பட்டை மேல் வண்டியை உட்கார வைக்க வேண்டும். மேரியின் பட்டறையில் விட்டால் இருபது நாள் வேலை. வாத்தியார்தான் ஒற்றைக் காலில் நின்றார், என் வீட்டு முற்றத்தில் என் கையால் செய்வேன் என்று.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் பாடம். மற்ற நாளெல்லாம் வீட்டில் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார்.

"மேஸ்திரி, வெல்டிங் நல்லாப் பிடிச்சிருக்குன்னு எப்படித் தெரியும்?"

அவர் காலையெல்லாம் உட்கார்ந்து பற்றவைத்திருந்த இரும்பை அவள் வாங்கிக் கல்தரையில் ஓங்கி ஒரு அடி. இரண்டாகப் போயிற்று.

"இப்படித்தான் சார்."

வாத்தியாருக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் அடுத்த வாரமும் வந்தார். ஏழாவது வாரம் அவள் அடித்தும் உடையவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் டீ வாங்கிக் குடித்தார்கள்.

பதினாலு மாதம் ஓடிற்று. இடையிலே வினோதினி உண்டானாள். ஒன்பதாம் மாதம் வளைகாப்புப் போட்டுப் பிள்ளையைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவர நாள் குறித்தார்கள், ஒரு வெள்ளிக்கிழமை. வாடகை ஜீப் கிடைக்காமல் இல்லை. வாத்தியார் கேட்டால்தானே.

"என் பிள்ளையை நான் கட்டுன வண்டியிலதான் மலையை விட்டு இறக்குவேன்" என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவருக்கே அந்த வாக்கு கழுத்துக் கயிறாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் விடியும்போது காலண்டரைப் பார்ப்பார், வண்டியைப் பார்ப்பார்.

வியாழக்கிழமை காலையில் மேரிக்கு ஆள் அனுப்பினார், வேலை முடிந்துவிட்டது, வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று.

அவள் வந்தபோது வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது. முன்னால் மாலை, சந்தனம், குங்குமம். அடியில் ஆக்ஸிலெல்லாம் புதுக் கறுப்பு பெயின்ட் அடித்து மினுமினுவென்று இருந்தது. வாத்தியாரின் மனைவி பவளக்கொடி தாம்பாளத்தில் கற்பூரமும், நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழமும் எடுத்து வைத்திருந்தாள். மலைச்சரிவில் கட்டிய வீடு அது. முற்றம் கேட்டைப் பார்த்துச் சரிந்திருக்கும். பவளக்கொடி அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில், வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

மேரி வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். முன்பக்கம் போய்க் குனிந்தாள். கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மேஸ்திரி, முடிஞ்சுதா?" என்றார் வாத்தியார். பரீட்சைத் தாள் வாங்க நிற்கிற பையனின் குரல் அது.

"நீங்க சொல்லுங்க சார்."

"எனக்கு முடிஞ்சுதுன்னுதான் தோணுது. ஆனா ஒரு வேலை முடிஞ்சுதுன்னு எதை வெச்சுச் சொல்றது? அதைத்தான் உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன்."

"எந்த இடமாவது மனசை உறுத்துதா?"

"ஒரு இடமும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கவே வேண்டாம். அத்தனை அளவும் நோட்டுல இருக்கு. அரை இஞ்ச் கால் இஞ்ச் கூட விடல."

"அளக்கிறப்ப வண்டி எப்படி நின்னுச்சு?"

"எப்படின்னா? சமமாத்தான். ரசமட்டம் வெச்சுல்ல அளந்தேன்!"

"ம்" என்றாள் அவள்.

பவளக்கொடி பொறுமை இழந்தாள். "நேரம் போகுது, பழத்தை வைக்கட்டுமா மேரி?"

"பழம் கொஞ்சம் இருக்கட்டும்மா. எனக்கு உள்ள இருந்து ஒரு செம்பு தண்ணி கொண்டாங்க. சார், அந்தத் துவைக்கிற கல்லைப் பிடிங்க, புரட்டிட்டு வருவோம்."

"எதுக்கு?"

"பிடிங்க சார்."

இரண்டு பேருமாக மூச்சுப் பிடித்துக் கல்லைப் புரட்டிக்கொண்டு வந்தார்கள். வலதுபக்க முன் சக்கரத்துக்கு முன்னால் போட்டாள். அதன்மேல் இன்னொரு பலகைக் கல். கிட்டத்தட்ட முழங்கால் உயரம் வந்துவிட்டது.

"ஏறி உக்காருங்க. இந்தச் சக்கரத்தை மட்டும் மேல ஏத்துங்க. நான் நிறுத்துன்னா நிறுத்துங்க."

வாத்தியாருக்குச் சந்தோஷம். இதற்குத்தானே பதினாலு மாதம். ஸ்டார்ட் பண்ணினார். முதல் கியரில் வண்டி உறுமிக்கொண்டு கல்லைத் தொட்டது, ஏறியது. பழைய வண்டியாக இருந்தால் அங்கேயே முனகியிருக்கும். இது வலது பக்கம் எழும்பி, இடது பக்கம் தாழ்ந்து, ஆக்ஸில் சாய்ந்து கொடுத்து, யானை படி ஏறுகிற மாதிரி ஏறிற்று. வாத்தியாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"பாத்தீங்களா மேஸ்திரி!"

"நிறுத்துங்க."

பிரேக்கை மிதித்தார்.

டப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கால் பள்ளத்தில் விழுந்த மாதிரி பெடல் தரை வரைக்கும் போயிற்று. மறுபடி மிதித்தார். ஒன்றும் இல்லை. காலுக்கடியில் ஒன்றுமே இல்லை. வண்டி கல்லிலிருந்து வழுக்கிப் பின்னால் இறங்கியது, கேட்டைப் பார்த்து.

"ஐயோ!" என்று கத்தினார். "பவளம்! தள்ளு! தள்ளிப் போ!"

தடாலென்று ஒரு குலுக்கல். வண்டி நின்றுவிட்டது. பின் சக்கரம் இரண்டுக்கும் அடியில் கட்டை கிடந்தது. வண்டி கல்லில் ஏறுகிறபோதே மேரி காலால் தள்ளி வைத்திருக்கிறாள், அவர் கவனிக்கவில்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்த கை கழன்று வர மாட்டேன் என்றது. வாத்தியாருக்கு எதிரே கல்லும் முற்றமும் தெரியவில்லை. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்று தெரிந்தது, அதில் பின் சீட்டில் கை நிறைய வளையலோடு வினோதினி தெரிந்தாள். அந்த வளைவில் இந்தப் பெடல் இப்படிப் போயிருந்தால் என்று நினைத்ததும் கதவைத் தள்ளித் திறந்தார். எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது.

இடது முன் சக்கரத்துக்கு அடியில் பிரேக் ஆயில் சொட்டிக் குளமாகிக்கொண்டிருந்தது. பிரேக்குக்கு ஆயில் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸ் இரண்டு துண்டாகத் தொங்கியது.

"ஏய் மேரி! இதை நீ பாத்தியா? குனிஞ்சப்பவே பாத்தியா?"

மேஸ்திரியும் போயிற்று, நீங்களும் போயிற்று. பழைய வகுப்பறைக் குரல் வந்துவிட்டது.

"பாத்தேன் சார்."

"பாத்துட்டுத்தான் என்னை ஏத்தச் சொன்னியா? பின்னாடி பவளம் நின்னுட்டு இருந்தாளே! கொலைகாரியா நீ?"

"நான் எங்க அங்க நின்னேன்?" என்றாள் பவளக்கொடி. படியில் செம்போடு நின்றுகொண்டிருந்தாள். செம்பிலிருந்த தண்ணீர் பாதி அவள் சேலையில் இருந்தது. "தண்ணி கேட்டு அவதானே என்னை உள்ள அனுப்புனா."

வாத்தியார் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

மேரி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அறுந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பழைய வண்டியோட ஹோஸ் இது. அதுல சக்கரம் ஒரு சாண்தான் தொங்கும். முழு ஆக்ஸில் போட்டா ஒரு பக்கம் ஏற ஏற மறுபக்கம் ரெண்டு சாண் தொங்கும். நீங்க வண்டியை ஆட்டாம அசைக்காம சமமா நிக்க வெச்சு அளந்துட்டீங்க."

"ரசமட்டம் வெச்சு..." என்றார் வாத்தியார், யாரிடமோ சொல்கிற மாதிரி.

"நீள ஹோஸ் பட்டறையில கிடக்கு. போய் எடுத்துட்டு வர்றேன். மாட்டி ஆயில்ல இருக்கிற ஏரை எடுத்துட்டா மதியத்துக்குள்ள வண்டி ரெடி. நாளைக்கு நீங்க தாராளமாப் போலாம். மத்ததெல்லாம் கனகச்சிதமா இருக்கு சார். வெல்டிங் எல்லாம் நானே வெச்ச மாதிரி இருக்கு."

எழுந்தாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தன் பைக்கைப் பார்த்து நடந்தாள்.

வாத்தியார் அந்த ரப்பர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் வாய் தானாகத் திறந்தது.

"மேஸ்திரி."

"சொல்லுங்க சார்."

"வலது பக்கம். பட்டை உக்கார ஆக்ஸில் மேல ஒரு மேடை வெச்சு வெல்டிங் பண்ணோமே."

"ஆமா."

"அதோட உள் ஓரம்..."

"என்ன உள் ஓரத்துக்கு?"

"அங்க வெல்டிங் இல்ல."

மேரியின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"என்ன சார் சொல்றீங்க?"

"பட்டையெல்லாம் மாட்டி இறுக்குன பிறகுதான் பாத்தேன். உள் பக்கம் வெல்டிங் ராடு போகல. திரும்ப ஆக்ஸிலை இறக்கி ஏத்தணும்னா ரெண்டு மூணு நாள் ஆகும். வளைகாப்பு கழுத்துல நிக்குது. ரெண்டே ரெண்டு பொட்டு மட்டும் வெச்சேன். மூணு பக்கம் பிடிச்சிருக்கே, அப்புறம் பாத்துக்கலாம்னு."

"அப்புறம்?"

"சந்து தெரிஞ்சுது. பாக்க அசிங்கமா இருந்துச்சு. பட்டி வெச்சு அடைச்சேன். உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். மேல பெயின்ட் அடிச்சேன்."

"இப்பத்தானே சார் கேட்டேன்? எங்கயாவது உறுத்துதான்னு ரெண்டு தடவை கேட்டேன்ல?"

"மறந்து போச்சு." வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லிப் பிடிபட்டவனின் முகமாக அது இல்லை, தன்னையே கண்டு பயந்துபோனவனின் முகமாக இருந்தது. "சத்தியமா மறந்து போச்சு மேஸ்திரி. பெயின்ட் காய்ஞ்சதும் அந்த இடம் எனக்கே தெரியல. நல்லா இருக்குன்னு நானே நம்பிட்டேன்."

மேரி கிரைண்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தாள். பெயின்ட் பறந்தது. அதன் அடியிலிருந்த பட்டி, காய்ந்த சுண்ணாம்பு மாதிரி முழுசாகக் கழன்று அவள் நெஞ்சின்மேல் விழுந்தது. கிரைண்டரை நிறுத்திவிட்டு ஒரு ஆக்ஸா பிளேடு கேட்டாள். வாத்தியார் கொடுத்தார். அதைச் சந்தில் விட்டாள். பிளேடு உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"கடப்பாரை" என்றாள்.

அதையும் கொடுத்தார். நுனியைச் சந்தில் வைத்து ஒரு கையால் அழுத்தினாள். ஒரே கையால்தான். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மூன்று பக்கம் பிடித்திருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்ததும் விட்டுப்போய், மேடை விரல் கனத்துக்குத் தூக்கிக்கொண்டது.

"ஆத்தாடி!" என்று பவளக்கொடி தலையில் கை வைத்தாள். இறங்கி வந்து குனிந்து பார்த்தாள், அப்புறம் புருஷனைப் பார்த்தாள். முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"இதுலயாங்க? இதுலயா என் பிள்ளையை இறக்கப் பாத்தீங்க?"

மேரி வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்தாள். முகமெல்லாம் கறுப்புத் தூள். எழுந்து நிற்காமல் சக்கரத்தில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். செம்பிலிருந்த மிச்சத் தண்ணீரைப் பவளக்கொடி கொடுக்க, மடக் மடக்கென்று குடித்தாள்.

"ஆக்ஸில் அப்படியே திரும்பியிருக்கும்" என்றாள். "பிரேக் நல்லாப் பிடிச்சிருந்தாத்தான் இன்னும் மோசம். பிடிக்கிற வேகத்துல பட்டையை விட்டே கழண்டிருக்கும். ஸ்டியரிங் கையில இருக்கும், சக்கரம் அது இஷ்டத்துக்குப் போகும்."

"உங்களுக்கு இது தெரியாதா மேஸ்திரி?"

"மாதா சத்தியமா தெரியாது சார். குனிஞ்சு தடவிப் பாத்தேனே, அந்த இடத்தைத்தான் தடவுனேன். வழவழன்னு இருந்துச்சு. சாருக்கு நல்லா கை வந்துருச்சுன்னு நெனச்சேன்."

அப்புறம் வாத்தியார் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எடுத்து மகளுக்குப் போட்டார்.

"வினோ. அப்பாதாம்மா. இல்லம்மா, வண்டி இன்னும் முடியல. ஆமா, முடிஞ்சுதுன்னுதான் சொன்னேன். முடியல. வாடகை ஜீப் எடுத்துட்டு வர்றோம். உங்க மாமனார்கிட்ட நானே பேசிக்கிறேன். நீ நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? சரிம்மா. சரி, வெச்சிடு."

அந்தப் பக்கம் பிள்ளை சிரித்திருக்க வேண்டும். வாத்தியார் போனைக் காதிலிருந்து எடுத்த பிறகும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைக்கவில்லை.

பவளக்கொடி வண்டியின் மாலையைக் கழற்றினாள். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மேரி எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டாள். கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தாள்.

"திங்கக்கிழமை ஆக்ஸிலை இறக்குங்க சார். ரெண்டு மேடையையும் வெட்டி எடுத்துருங்க. ஒண்ணுலருந்து ஆரம்பிப்போம்."

வாத்தியார் தலையாட்டினார். பைக் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். அவள் கிக்கரில் கால் வைத்த பிறகு, மனசில் கிடந்து முட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டார். இப்போது குரலில் கோபம் இல்லை.

"ஹோஸ் விஷயம் மட்டும் எனக்கு இன்னும் ஆறல மேஸ்திரி. குனிஞ்ச உடனே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இது குட்டை, நீளமானதா மாட்டுங்கன்னு ஒரு வார்த்தை வாயால சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா மாட்டியிருப்பீங்க சார்" என்றாள் மேரி. "மாட்டிட்டு, அந்த மேடையோடவே நாளைக்குப் போய்ப் பிள்ளையை ஏத்தியிருப்பீங்க."